காலியாகத் திரும்பும் பெட்டி

மாலத்தீவின் தலைநகர் மாலேயிலிருந்து திரும்பிவந்த ஓர் இருபதடி கன்டெய்னரை, சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் காலிப் பெட்டிகளை வைக்கும் டெப்போவில் திறந்து பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தரைப்பலகை சேதம் என்று கப்பல் நிறுவனம் பணம் கேட்டது, எங்கள் வாடிக்கையாளர் தர மறுத்தார். நேரில் போய்ப் படம் எடுத்து வரச் சொன்னார் மேனேஜர். உள்ளே சீன எழுத்து அச்சடித்த அட்டைத் துண்டு ஒன்று, அறுந்த பிளாஸ்டிக் பட்டை, மூலையில் ஒரு கைப்பிடி டைல்ஸ் தூள். அவ்வளவுதான். சுவரைத் தட்டினேன். காலி அண்டாவைத் தட்டியதுபோல் அதிர்ந்தது.

போகும்போது இருபத்தைந்து டன்னுக்கு மேல் சுமந்து போன பெட்டி அது. காலியாக நிறுத்தால் இரண்டேகால் டன் வரும். கப்பல் ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். தீவுகளுக்குப் போகும் சரக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

சிங்கப்பூர் 2024இல் இருபதடிக் கணக்கில் 4.1 கோடிப் பெட்டிகளைக் கையாண்டது. பெரும்பாலானவை இங்கே இறங்கி வேறு கப்பலேறிப் போகிறவை. அந்தக் கடலில் மாலேக்குப் போகும் பெட்டிகள் ஒரு துளி. ஆனால் என் மேசைக்கு வருவது அந்தத் துளிதான். சீனாவிலிருந்து டைல்ஸ், பிளைவுட், நாற்காலி, ஏர்கான் என்று வரும். மாலேயில் இறங்கியபிறகு பக்கத்துத் தீவுகளுக்குச் சிறு படகில் போகும். அந்தப் படகை அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கிருந்து திருப்பி அனுப்ப மீனைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. அதனால் பெட்டியைச் சும்மா தூக்கி வரும் செலவையும் கப்பல்காரன் போகும்போதே ஃபிரெய்ட்டில், அதாவது கப்பல் கூலியில், சேர்த்து வாங்கிவிடுகிறான். வாங்கும் கடைக்காரர் இரண்டு வழிக்கும் கூலி கொடுக்கிறார். டைல்ஸ் கனமான சரக்கு, ஆனால் விலை குறைவு. சீனச் சுங்கம் அதைக் கப்பலேற்றும் விலையில் எழுதிக்கொள்கிறது. மாலே சுங்கம் ஃபிரெய்ட்டும் காப்பீடும் சேர்த்து எழுதுகிறது. ஒரே பெட்டிக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு விலை. இரு நாட்டு வர்த்தகம் இவ்வளவு என்று செய்தியில் ஒரு தொகை வரும்போதெல்லாம், யார் எழுதிய தொகை என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

நடுவில் சிங்கப்பூர் இருப்பதால் இன்னொரு குழப்பமும் வரும். எங்கிருந்து கப்பலேறியது என்பது வேறு, எங்கே செய்தது என்பது வேறு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நான் இதில் தவறினேன். ஒரு டைல்ஸ் சரக்குக்கு உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் சீனா என்று போடவேண்டிய இடத்தில் சிங்கப்பூர் என்று அடித்துவிட்டேன். சான்றிதழ் ஒன்று சொல்ல, இன்வாய்ஸ் வேறொன்று சொல்ல, பெட்டி மாலே துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றது. பெட்டி நிற்கும் நாளுக்கெல்லாம் கட்டவேண்டிய டெமரேஜ் ஏறிக்கொண்டே போனது. வாங்கியவர் ஒரு சிறிய தீவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். போனில் அவர் கத்தவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஒரு வீட்டுக்குத் தரை போட்டாக வேண்டும், எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் இன்றைக்கும் மனதை அறுக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை மூன்று தடவை பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணன். அவருடைய அப்பா அங்கிருந்து மாலேக்குத் தோணி ஓட்டியவர். "வெங்காயம், காய்கறி, செங்கல்னு ஏத்திட்டுப் போவாரும்மா. வரும்போது மாசிக் கருவாடு கொண்டு வருவார். வெறுந்தோணியா வந்தா அப்பாவுக்குச் சோறு இறங்காது" என்பார். தூத்துக்குடியிலிருந்து மாலேக்கு இன்றும் தோணிகள் போகின்றன.

2023 ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. மறுநாளே அம்மா போன் செய்து, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா போய் ஒரு பை பச்சரிசி வாங்கி வா என்றார். அதுவரை தீவு என்றால் என் மனதில் மாலேதான். அன்று கடையில் வரிசையில் நின்றபோதுதான் நானும் தீவுக்காரிதானே என்று உறைத்தது. ஆகஸ்ட் கடைசியில் விலக்கு அறிவிப்பு வந்தது. பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000, மொரிஷியஸுக்கு 14,000. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் அரிசி அனுப்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு இவை ஒரே தாளில் மூன்று வரிகள். அந்தத் தாளை அச்செடுத்து அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மாலேக்கு இப்படி ஒரு லிஸ்ட் ரொம்ப வருஷமா இருக்கும்மா" என்றார். உண்மைதான். 1981 ஒப்பந்தத்தின்கீழ் மாலத்தீவுக்கு என்று முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு எல்லாவற்றுக்கும் இந்தியா அளவு ஒதுக்குகிறது. 2024-25 பட்டியலில் ஆற்று மணலும் 10 லட்சம் டன் இருந்தது. சுற்றிலும் கடல், கரையெல்லாம் மணல், ஆனாலும் வீடு கட்ட ஆற்று மணலுக்கு அடுத்த நாட்டைக் கேட்கவேண்டும். இதைப் படித்தபோது சிங்கப்பூர் நினைவு வராமல் இல்லை. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கட்டுமான வேலைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம்.

அண்ணன் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள், மீனை டின்னில் அடைக்கும் பாங்காக் ஆலைக்குப் போகிற குளிர்பெட்டி ஒன்றின் ஆவணம் என்னிடம் வந்தது. மாலேயில் ஏற்றி இங்கே கப்பல் மாறுகிறது. உள்ளே உறையவைத்த சூரை மீன். எடை இருபத்தைந்து டன். உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் மாலத்தீவு என்று அடித்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். அப்புறம் அண்ணனுக்கு வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பினேன்: "அண்ணே, இன்னைக்குப் பெட்டி வெறுமையா வரலை."