லைன் கிளியர்

மின்வாரியத்தில் கம்பியாளராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலூர்ப் பகுதியில் வேலை பார்த்தேன். விசுவாசம் என்ற சொல்லை ஞாயிறுதோறும் ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவன்தான் என்றாலும், அதை எனக்குப் பழக்கியது கம்பத்து வேலை.

உயரழுத்தக் கம்பியில் கை வைப்பதற்கு முன் லைன் கிளியர் வாங்க வேண்டும். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துணைமின் நிலையத்தில் ஒருவர், அந்தக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் ஃபீடரை நிறுத்தி, பதிவேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, தொலைபேசியில் அனுமதி சொல்வார். அவர் கை சுவிட்சை நிறுத்தியதை நாம் பார்ப்பதில்லை. அவர் சொல்லை நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறோம். கம்பத்தடியில் நின்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவிட்டு ஏறுவது என் வழக்கம். ஆனால் ஜெபித்தாயிற்றே என்று, கம்பியில் தவறி மின்சாரம் வந்தாலும் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் ராடு போடாமல் ஒருநாளும் ஏறியதில்லை. இளைஞர்கள் யாராவது அதைச் சோம்பலால் விட்டால் கடிந்துகொள்வேன். தேவன் தந்த புத்தியை ஒதுக்கிவைப்பது பக்தி ஆகாது.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்தன. கம்பங்கள் வரிசை வரிசையாக முறிந்திருந்தன. மறுநாள் இரவு பத்து மணிவரை, விழுந்த மரங்களுக்கு அடியிலிருந்து கம்பியை இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, சேறு காயாத உடையோடு வருடக் கடைசி ஆராதனைக்குப் போனேன்.

எங்கள் லுத்தரன் ஆலயத்தில் விளக்கும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மூன்று பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி. மெழுகு சொட்டிய பாமாலைப் புத்தகத்தை வாசிக்க அந்த வெளிச்சம் போதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இதே வரிகள்தானா என்று சிறு வயதில் நான் சலித்துக்கொண்ட பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும், சொந்தமாக ஜெபிக்க ஒரு வார்த்தையும் வராத அந்த இரவில், யாரும் புத்தகத்தைத் தேடாமலே வாயில் வந்தன. என் அருகில் நின்றவர் முந்திரித் தோப்பை முழுவதும் இழந்தவர். "வானத்தையும் பூமியையும் படைத்த" என்ற இடத்தில் அவருக்குக் குரல் அடைத்துக்கொண்டது. சபை நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது. நாலைந்து வரி கழித்து அவரும் சேர்ந்துகொண்டார்.

வெளியே வரும்போது, வேதாகம வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன். புலம்பல் மூன்றாம் அதிகாரம்: அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனம். சட்டைப் பையில் வைத்த அந்த அட்டை, வியர்வையில் ஊறி எழுத்து மங்கும்வரை என்னோடு வேலைக்கு வந்தது.

புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தும் நான் கம்பத்தில்தான் இருந்தேன். அதன்பின் பல நாட்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த தோழர்களோடு தெருத்தெருவாக வேலை நடந்தது. ஒரு மாலை, கடலோரக் குப்பம் ஒன்றில், ஆட்களெல்லாம் இறங்கிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்து, எர்த் ராடுகளைக் கழற்றி, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தோம். சற்று நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்தன. "கரண்டு வந்துடுச்சு!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, மாரியம்மன் கோயில் வாசலில் நின்ற ஒரு பாட்டி, "நல்லா இருங்கப்பா" என்று சொல்லி எங்களுக்குச் சுக்குக் காபி கொண்டுவந்தார். அதுவரை எந்தப் பண்டிகையிலும் காணாத மகிழ்ச்சி அப்போது எனக்கு வந்தது. அதை ஸ்தோத்திரம் என்றே அழைப்பேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு ஞாயிறும் ஆராதனையைத் தவறவிடுவதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் அந்த இடம் வரும்போது, பக்கத்தில் யாருக்காவது குரல் அடைத்திருக்கக்கூடும் என்று, என் குரலைச் சற்று உயர்த்தியே சொல்கிறேன்.