இருபதாம் தேதியும் பையனின் காய்ச்சலும்

கணக்கு எழுதுகிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு தேதிகள்தான் முக்கியம். மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டன்களில், விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, வரி கட்டிப் போடும் 3பி-க்கு 20-ஆம் தேதி. நான் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் அக்கவுண்டன்ட். மனைவி தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பையனுக்கு மூன்று வயது. அவனுக்கு வருகிற காய்ச்சல் எல்லாம் இந்த இரண்டு தேதிகளில் ஒன்றைப் பார்த்துத்தான் வருகிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

போன மழைக்கு வந்தது வெறும் காய்ச்சல் இல்லை, கை கால் வாய் நோய். 2022-இல் கேரளாவில் தக்காளிக் காய்ச்சல் என்று பேப்பரில் எல்லாம் வந்ததே, அதுவும் இதில் ஒரு வகைதான் என்று பிறகு சொன்னார்கள். வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்பாகக் கொப்புளம். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் வேலைக்கு ஆகாது, ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஆறும், அதுவரை ப்ளே ஸ்கூல் பக்கம் போகக்கூடாது. பார்க்க வந்த அத்தை அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை சொருகிவிட்டு ஊருக்குப் போனார். டாக்டரோ அம்மை இல்லை, தாராளமாகக் குளிக்க வையுங்கள் என்றார். வேப்பிலையையும் எடுக்கவில்லை, குளிப்பாட்டுவதையும் நிறுத்தவில்லை. வீட்டில் வாக்குவாதம் பண்ண அது நேரமா?

லீவு கேட்டபோது முதலாளி கேட்டது இதுதான்: "ஏந்தம்பி, உங்க சம்சாரம் நர்ஸ்தானுங்களே, அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?" அவர் கெட்டவர் இல்லை, ஊரே அப்படித்தான் கேட்கிறது. ஆனால் நர்ஸுக்குத்தான் லீவு கிடைப்பது எல்லோரையும் விடக் கஷ்டம். நைட் டூட்டிக்கு ஆள் வராவிட்டால், பகல் முழுக்க நின்றவர் அப்படியே இரவும் நிற்க வேண்டும். ஊரார் பிள்ளைகளுக்கு ட்ரிப்ஸ் போட்டுவிட்டு வருகிறவள் தன் பிள்ளைக்கு லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

கணக்கும் உதைக்கிறது. ப்ளே ஸ்கூல் வயதில் வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி, காய்ச்சல் வருவது சகஜம் என்று எந்தக் குழந்தை டாக்டரும் சொல்வார். தடவைக்கு மூன்று நாள் வைத்தாலே இருபது நாள் போய்விடும். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், நோய் விடுப்பு 12 நாள். ஒரு வருஷம் வேலை பார்த்தால் சம்பளத்தோடு இன்னொரு 12 நாள் உண்டு, அது ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சரியாகப் போய்விடும். நோய் விடுப்பு என்பது வேலை பார்ப்பவருக்கு நோய் வந்தால்தான். பிள்ளைக்கு வந்தால் சட்டத்தில் அதற்கென்று தனி இடம் இல்லை, அதனால்தான் நல்ல உடம்போடு இருக்கிற எத்தனையோ பேர் காலையில் ஃபோன் போட்டு வயிற்றுப்போக்கு என்கிறார்கள்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு 2008-லிருந்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. பிறகு, தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் மனைவி இருக்கிற ஆணுக்குக் கிடையாது, அதாவது மனைவி இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்று அரசாங்கமும் என் முதலாளி மாதிரியே நினைக்கிறது. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். எங்கள் கடையில் அத்தனை பேர் இல்லை, இருந்தாலும் கொப்புளத்தோடு வரும் பிள்ளையை எந்தக் காப்பகமும் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது.

அதனால் நாங்களே ஷிஃப்ட் போட்டுக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டூட்டி மாறும்போது எழுதிக்கொடுப்பது போலவே மனைவி ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாளை ஒட்டி எழுதினாள்: மணி, காய்ச்சல் எவ்வளவு, சிரப் எத்தனை எம்எல், கடைசியாக எப்போது யூரின் போனான். கடைசிக் கேள்வியைத்தான் அவள் டூட்டியிலிருந்து ஃபோன் பண்ணியும் கேட்டாள். வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிக்காமல் விட்டால் காய்ச்சலை விட அதுதான் ஆபத்தாம். சிரப் பாட்டிலிலும் பேனாவால் 250 என்று பெரிதாக எழுதிவிட்டாள். பாராசிட்டமால் 5 எம்எல்லுக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. எடைக்குத் தகுந்த அளவு என்பதால் பாட்டில் மாறினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். சூடாக எதையும் வாயில் வைக்க விடவில்லை. ஆறின தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, நடுநடுவே ஐஸ்கிரீம் காட்டி ஊட்டினேன். ஐஸ்கிரீமுக்கு டாக்டரே சரி சொல்லிவிட்டதில் பையனுக்கு நோய் மேல் கொஞ்சம் பிரியமே வந்துவிட்டது.

20-ஆம் தேதி வந்தது. 3பி தள்ளினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. பையன் தோளில் தூங்க, ஒற்றைக் கையால் லேப்டாப்பில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்து, சரக்கு வாங்கும்போது நாங்கள் கட்டிய உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டேன். அதுவரை ஒன்றும் சிக்கல் இல்லை, ஆனால் ரிட்டனை உறுதி செய்யும் ஓடிபி முதலாளி ஃபோனுக்கு அல்லவா போகிறது! அவர் ஏதோ ரிசப்ஷனில், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் எண்ணைச் சொல்கிறார், நான் இங்கே சத்தம் போட்டுத் திருப்பிச் சொல்ல முடியாது. கடைசியில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். ரிட்டன் போனது.

இதையெல்லாம் பார்த்து, வீட்டிலிருந்தே செய்யலாமே, அப்புறம் லீவு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். பிள்ளை தூங்குகிற நேரம் மட்டும்தான் வேலை நடந்தது, மற்ற நேரமெல்லாம் அவனைப் பார்ப்பதுதான் வேலை. ரிட்டன் போட்ட அன்றைக்கு அரை நாள் லீவு என்று எழுதச் சொன்னேன், மற்ற நாளுக்கு முழு லீவு.

லீவு கடிதத்தில் மகனுக்குக் காய்ச்சல் என்றே எழுதினேன். ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் இல்லாததால் தற்செயல் விடுப்பு (சிஎல்) கட்டத்தில் போட்டு, ஓரத்தில் 'பையன்' என்று சின்னதாக எழுதியிருக்கிறார்கள். ஏப்ரலில் புது ரிஜிஸ்டர் போடும்போது பிள்ளை நோய் என்று தனிக் கட்டம் கேட்கப்போகிறேன், வருஷத்துக்கு ஐந்து நாளாவது, அம்மா அப்பா யாராக இருந்தாலும். கூடவே 3பி போட இன்னொருவருக்கும் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் முதலாளி உடனே சரி என்றார்.