அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் மூன்று முறை திரும்பினேன்

அங்கன்வாடி பணியாளர்களோடு சேர்ந்து ஆய்வு செய்யக் கிளம்பும் முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வீணான ஏழு மாதங்கள் உங்களுக்கும் வீணாக வேண்டாம்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் சிக்கலில்லாமல் வந்தது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் சமூக அறிவியல் ஆய்வுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்.

மாட்டிக்கொண்டது மாவட்ட அலுவலகத்தில். சென்னையில் வாங்கிய செயல்முறைகளின் (அனுமதி உத்தரவின்) நகலை நீட்டினேன். "மையங்களைப் பார்வையிடலாம்னுதான் போட்டிருக்கு. பேட்டி எடுக்கலாம்னு எங்கே இருக்கு?" என்றார் எழுத்தர். திருத்தி வாங்கி வந்தால், "எங்களுக்குத் தபாலில் வரலையே" என்றார். மூன்றாவது முறை போன அன்று ஆய்வுக் கூட்டம், ஒருவரும் இருக்கையில் இல்லை. ஆகவே உத்தரவில் "நேர்காணல்" என்ற சொல் இருக்கிறதா, நகல் வட்டார அலுவலருக்கும் போடப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ந.க. எண்ணையும் (உத்தரவின் கோப்பு எண்) தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. அலுவலர் பணியாளர்கள் எல்லோரையும் கூட்டி, "மேடம் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். 22 பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பதில்களைப் பிரித்தால் எல்லாம் ஒரே பதில்: குறை ஒன்றுமில்லை. மேலதிகாரி முன்னால் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. அந்தப் படிவங்களை ஒதுக்கிவிட்டேன்.

அப்புறம் மதியம், குழந்தைகள் தூங்கும் நேரத்தில், மையம் மையமாகத் தனியாகப் போனேன். மூத்த டீச்சர் ஒருவர் கேட்டார்: "போன தடவை வந்தவங்களும் எழுதிட்டுத்தான் போனாங்க. என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லலையேம்மா?" பிறகு என் கேள்வித்தாளைப் படித்தார். தாய்மாரின் விழிப்புணர்வு பற்றியே பதினைந்து கேள்விகள். "இதை விடும்மா. ஒரே எடையைப் போஷன் டிராக்கர் ஆப்லயும் நோட்டுலயும் ரெண்டு தடவை ஏத்துறோமே, அதைக் கேளு." கேள்வித்தாளில் பாதியை அவர்களோடு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். ஆய்வே திசை மாறியது.

முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, அவர்களுடைய மாதக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். அதே டீச்சர் ஓர் அட்டவணையில் விரல் வைத்தார். "இந்த வாரம் பிள்ளைங்க வராதது ஊர்த் திருவிழாவாலம்மா, அக்கறை இல்லாம இல்ல." அந்தப் பத்தியைத் திருத்தித்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன்.