வாயு விதிக் கணக்கு: எது மாறவில்லை என்று முதலில் பாருங்கள்

பிளஸ் ஒன் வேதியியலில் பாயில், சார்லஸ், கே-லூசாக், அவகாட்ரோ என்று நான்கு விதிகளையும் தனித்தனியாக உருப்போடுவதுதான் எங்கள் வகுப்பில் வழக்கம். ஒரு கட்டத்தில் நான் அதை விட்டுவிட்டேன். பி.வி = என்.ஆர்.டி (பி அழுத்தம், வி கனஅளவு, என் மோல், அதாவது வாயுவின் அளவு, ஆர் ஒரு மாறிலி, டி கெல்வின் வெப்பநிலை) என்ற ஒரே சமன்பாட்டை எழுதி, கேள்வியில் எவை மாறவில்லையோ அவற்றை அடித்துவிடுவேன். மிஞ்சுவதுதான் அந்தக் கணக்குக்கான விதி. மோலும் வெப்பநிலையும் மாறாவிட்டால் அது பாயில். மோலும் அழுத்தமும் மாறாவிட்டால் சார்லஸ். பெயர் மறந்தாலும் விடை வந்துவிடும்.

இந்த முறையின் அருமை திறந்த குடுவைக் கணக்கில் தெரியும். திறந்த குடுவை ஒன்றை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 127 டிகிரிக்குச் சூடாக்கினால் எத்தனை பங்கு காற்று வெளியேறும்? வெப்பநிலை என்றதுமே பலருடைய கை சார்லஸ் விதியை எழுதத் தொடங்கிவிடும். ஆனால் கண்ணாடிக் குடுவையின் கனஅளவு மாறுவதில்லை. வாய் திறந்திருப்பதால் உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தம்தான். இரண்டையும் அடித்தால் மிஞ்சுபவை மோலும் வெப்பநிலையும். அவற்றின் பெருக்கற்பலன் மாறாது. செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின். 300 கெல்வின் 400 ஆகும்போது உள்ளே முக்கால் பங்கு தங்கும், கால் பங்கு வெளியேறும். வினா கேட்பது எஞ்சியதையா, வெளியேறியதையா என்று இன்னொரு முறை படித்துவிடுங்கள். வினா தயாரிப்பவர்கள் இரண்டு எண்களையும் விடைகளில் வைப்பார்கள்.

கெல்வினுக்கு மாற்றச் சொல்லி ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம், ஒரு டயர் கணக்கைப் போட்டால் புரியும். 27 டிகிரியில் இருந்த டயர் ஓடி ஓடி 57 டிகிரி ஆகிறது. கனஅளவும் மோலும் மாறவில்லை என்று வைத்தால், மிஞ்சுபவை அழுத்தமும் வெப்பநிலையும். செல்சியஸிலேயே வகுத்தால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. அப்படியானால் சாலையில் ஒரு டயரும் மிஞ்சாது! 300-லிருந்து 330 கெல்வின் என்றால் பத்து சதவீத உயர்வுதான். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டயர் அளவி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. அளவி 32 பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தின் அலகு) காட்டினால், வளிமண்டல அழுத்தமான 14.7-ஐக் கூட்டி 46.7 என்று எடுக்க வேண்டும். பத்து சதவீதம் ஏற்றினால் ஏறக்குறைய 51.4. மறுபடி 14.7-ஐக் கழித்தால் அளவியில் 36.7 தெரியும். 32-ஐ நேரடியாக 1.1-ஆல் பெருக்கினால் 35.2 என்ற தவறான விடைதான் கிடைக்கும்.

ஆர் என்ற மாறிலிக்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். அலகுகளாக லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் (atm) வந்தால் 0.0821, கனமீட்டரும் பாஸ்கலும் வந்தால் 8.314. முன்னும் பின்னும் ஒப்பிடும் கணக்குகளில் அது தேவையே இல்லை.

வரைபட வினாக்களிலும் அதே சமன்பாடு போதும். கனஅளவை நிலைக்குத்து அச்சிலும் கெல்வின் வெப்பநிலையைக் கிடை அச்சிலும் வைத்து, ஒரே அளவு வாயுவுக்கு இரண்டு நேர்கோடுகளைத் தந்து, எதில் அழுத்தம் அதிகம் என்று கேட்பார்கள். கோட்டின் சாய்வு என்.ஆர்-ஐ அழுத்தத்தால் வகுத்த ஈவு. ஆகவே அதிகச் சாய்வோடு ஏறும் கோட்டில்தான் அழுத்தம் குறைவு. மேலே இருக்கும் கோட்டையே கண் முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதால், சாய்வை எழுதிப் பார்க்காமல் இந்த வினாவுக்கு விடை குறிக்காதீர்கள்.