"சரி டாக்டர்" என்ற பதிலுக்குப் பிறகு

மூச்சிரைப்பு, இருமல், நெஞ்சுவலி என்று எதற்காக வந்தாலும், புகைப்பவர் என்றால் "சிகரெட்டை விட்டுடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவோம். "சரி டாக்டர்" என்று அவர்களும் தலையாட்டுவார்கள். அப்புறம் அடுத்த சந்திப்பு வரை அவர்கள் தனியாகத்தான் போராட வேண்டும். டிஜிட்டல் கருவிகளின் அருமையை நான் உணர்ந்தது அந்த இடைவெளியில்தான்.

அறைக்குள்ளும் அவை உதவுகின்றன. ரத்த அழுத்தம் பதியும் பக்கத்திலேயே புகைப்பழக்கம் பற்றிய கேள்வியும் எங்கள் கணினியில் வரும். பதில் பதியாமல் மேலே போக முடியாது. எல்லாரிடமும் கேட்பதால் "என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என்ற முறைப்பு இல்லை. "ஆம்" என்றால், நிகோட்டினுக்கு உடல் எவ்வளவு அடிமையாகியிருக்கிறது என்று அளக்கும் ஃபேகர்ஸ்ட்ராம் சோதனையின் 6 கேள்விகள் திறக்கும். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் அந்த ஒரு பதிலுக்கே 10-க்கு 3 மதிப்பெண். அவரிடம் மனஉறுதி பற்றி மட்டும் பேசி அனுப்புவது அநியாயம். அவருடைய உடல் நிகோட்டினைக் கேட்கிறது. நிகோட்டின் பேட்ச், சூயிங்கம், புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வேரெனிக்லின் மாத்திரை பற்றி அன்றே பேசிவிட வேண்டும்.

அடுத்தது, மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் கையடக்கக் கருவி. அதில் ஊதி, தன் எண்ணைத் தானே பார்த்ததும் பலர் பேசும் விதமே மாறுகிறது. புற்றுநோய் என்பது அவர்களுக்கு எப்போதோ வரப்போகும் விஷயம். இந்த எண்ணோ, இப்போதே ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை வேறொன்று பிடித்திருப்பதைக் காட்டுகிறது. புகைப்பதை நிறுத்தினால் ஓரிரு நாளில் அது இறங்கிவிடும். அந்த இறக்கத்தைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி எங்கள் அறிவுரை எதற்கும் ஈடில்லாதது. ஆகவே இந்தக் கருவியைப் பயமுறுத்தப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விட்ட முதல் வாரம்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். ஆனால் புகைக்கத் தூண்டும் ஒவ்வொரு அலையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு மருத்துவர் பக்கத்தில் இருக்க முடியாது, குறுஞ்செய்தி இருக்கும். பிரிட்டனில் நடந்து, 2011-ல் வெளியான டெக்ஸ்ட்-டு-ஸ்டாப் ஆய்வில் சுமார் 5,800 பேர் பங்கேற்றனர். உதவிச் செய்திகள் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் 6 மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள், மற்றவர்களில் 4.9 சதவீதம். சிறிய எண்களாகத் தோன்றலாம். எனக்கு அவை உயிர்கள். ஆசை எழும்போதும், தவறிப் புகைத்துவிட்டபோதும் ஒரே ஒரு சொல்லை அனுப்பினால் உடனே பதில் வரும் வசதி அதில் இருந்தது. தவறியவரைத் திட்டாமல் மறுபடி கைபிடித்துத் தூக்கும் பதில் அது.

எங்களிடம் வந்த, இரவுக் காவல் வேலை செய்யும் ஒருவருக்குச் செயலி அனுப்பும் செய்திகள் எல்லாம் அவர் தூங்கும் பகலில் வந்துகொண்டிருந்தன. அவருக்குச் சிகரெட் தேவைப்படுவதோ விடியற்காலை 3 மணிக்கு. நேரத்தை மாற்றி அமைத்த பிறகுதான் பலன் தெரிந்தது. செயலி இதைத் தானாகக் கேட்கவில்லை, நாங்கள் கேட்டோம். அதேபோல, வீட்டுக்குத் தெரியாமல் புகைக்கும் ஒரு பெண்ணின் போனில் இப்படி ஒரு செய்தி மின்னினால் என்ன ஆகும்? போன் யார் கையில் இருக்கும், படிக்கத் தெரியுமா, குரல் அழைப்பு வசதியா என்று கேட்ட பிறகே பதிவு செய்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருந்து, மருத்துவரின் சுருக்கமான ஆலோசனை ஆகியவற்றோடு குறுஞ்செய்தி, செயலி போன்றவற்றையும் பரிந்துரைக்கிறது. எங்கள் அமைப்பில் இன்னும் ஒன்று வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். "புகைத்துவிட்டேன்" என்று ஒருவர் செயலியில் பதிந்தால், அவர் சம்மதித்திருக்கும் பட்சத்தில், எங்கள் செவிலியருக்கும் அது தெரிய வேண்டும். அன்று மாலையே அவரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம்.