ஸ்பார்க் வருது, ஆனா வண்டி எடுக்க மாட்டேங்குது

பாயிண்ட் செட் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்துற காயிலுக்குப் போற கரண்டை ஒட்டி, விலகி விட்டு விட்டு கட் பண்ற கான்டாக்ட்) இருக்கிற பழைய வண்டிக்காரங்க நெறைய பேர் சொல்றது இதுதான், பிளக்கைக் கழட்டி எஞ்சின் மேல வச்சு சுத்திப் பாத்தேன், ஸ்பார்க் வருது, அப்போ கார்புரேட்டர்தான் கோளாறுன்னு. வெளிக்காத்துல ஸ்பார்க் தாவுறது ஈஸிங்க. பிஸ்டன் மேல ஏறி உள்ள இருக்கிற காத்தை அமுக்கினப்புறம் அதே கேப்பைத் தாண்ட ரொம்ப அதிக வோல்டேஜ் வேணும், அதனால வெளிய மெலிசா ஆரஞ்சு கலர்ல வர்றது உள்ள வராமலே போகலாம். 5, 6 மிமீ கேப்பை நீலமா, பட் பட்னு சத்தத்தோட தாண்டுதான்னு பாருங்க. (பக்கத்துல பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, ஹெச்டி வயரை, அதாவது காயில்லருந்து பிளக் பக்கம் போற ஹை வோல்டேஜ் வயரை, சும்மா தொங்கவிட்டு சுத்தவும் கூடாது, போக வழியில்லாம அந்த வோல்டேஜ் காயில் இன்சுலேஷனையே ஓட்டை போட்டுடும்.)

ஸ்பார்க் வீக்குன்னு தெரிஞ்சதும் எல்லாரும் முதல்ல மாத்துறது காயில். நான் அதைக் கடைசியாத்தான் சந்தேகப்படுவேன். மொதல்ல 12 வோல்ட் பக்கம் பாருங்க, சாவியை ஆன் பண்ணி பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் காயில் பிளஸ்ஸுக்கும் நடுவுல மீட்டர் வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா சாவி ஸ்விட்ச்லயோ ஏதோ ஒரு கனெக்டர்லயோ கரண்ட் வீணாகுது. பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போற வோல்டேஜைக் கொறைக்கிறது) இருக்கிற வண்டின்னா அதுல வோல்டேஜ் கொறையுறது நார்மல், அதை எடுத்துட்டு டைரக்ட் கொடுத்தா காயிலும் பாயிண்டும் சீக்கிரம் வெந்துடும். ஸ்டார்ட்டர் சுத்தும்போது எஞ்சின் பிடிச்சு, சாவியை விட்டதும் ஆஃப் ஆச்சுன்னா அந்த ரெசிஸ்டரைத்தான் மொதல்ல பாக்கணும்.

அடுத்து காயில் மைனஸ்லருந்து எர்த்துக்கு. பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். வரலைன்னா பாயிண்ட் அழுக்கு, இல்லைன்னா டிஸ்ட்ரிபியூட்டர் (பாயிண்ட் உக்காந்திருக்கிற, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற பாகம்) உள்ள பிளேட்டுக்குப் போற அந்த சின்ன எர்த் வயர். அட்வான்ஸ் ஆகும்போதெல்லாம், அதாவது ஸ்பார்க் நேரம் முன்னாடி நகரும்போதெல்லாம், பிளேட் கூடவே அதுவும் ஆடுறதால உள்ள கம்பி அறுந்து மேல தோல் மட்டும் முழுசா நிக்கும், கண்ணால பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. புது பாயிண்ட் போட்டாலும் அதுல இருக்கிற எண்ணெய்ப் படலத்தைத் துடைச்சுட்டுப் போடுங்க. பாயிண்ட் விரியுற கேப் நெறைய கார்ல 0.4 மிமீ கிட்ட இருக்கும், உங்க மேனுவல் சொல்றதுதான் கணக்கு. ரொம்ப விரிஞ்சிருந்தா பாயிண்ட் ஒட்டியிருக்கிற நேரம் கொறைஞ்சு காயில் முழுசா சார்ஜ் ஆகாது, ஸ்பீடு ஏற ஏற மிஸ்ஸிங் அடிக்கும்.

பாயிண்ட்ல பொறி பெருசா பறக்குது, அதோட முகம் சீக்கிரமே கருகுதுன்னா, அந்தப் பொறியை அடக்குற கண்டென்சர்தான் கோளாறு. மீட்டர்ல நல்லா காட்டும், சூடானதும் லீக் ஆகும், அதனால நல்லா ஓடுற வண்டியோடதை மாட்டிப் பாக்கிறதுதான் சுலபம். புதுசு வாங்கினாலும் ஓடிட்டிருந்த பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க, புதுசு எல்லாமே நல்லதுன்னு நான் நம்பறதில்ல.

ஹெச்டி பக்கம் ராத்திரில பாருங்க, எஞ்சின் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிலயோ வயர்லயோ லீக் இருந்தா நீலமா மினுங்கும். அந்த மூடிக்குள்ள சுத்துற ரோட்டார் மட்டும் ஏமாத்தும், ஷாஃப்ட்டுக்கு உள்பக்கமாவே லீக் ஆகும், வெளிய ஒண்ணுமே தெரியாது.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் காயில். பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயில்ல பிரைமரி (பிளஸ், மைனஸ் நடுவுல இருக்கிற சுருள்) 3 ஓம் கிட்ட வரும். குளிர்ல அளந்து பாஸ்னு விட்றாதீங்க, நல்லா ஓட்டி சூடாகி மக்கர் பண்ற நேரத்துல அளங்க. பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டியிருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க, மாறியிருந்தாலும் வண்டி ஓடும், ஆனா பிளக்குக்கு இன்னும் அதிக வோல்டேஜ் தேவைப்படும்.