மூன்றாவது பெண் எங்கே?

அண்ணன் வீட்டுப் பெரியவளுக்குப் போன ஆவணியில் திருமணம் நடந்தது. அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார். ஆங்கிலப் பக்கம் என் தலையில் விழுந்தது. இருபத்தைந்து வருடமாக வங்கியில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை எழுத வராதா என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், அதுதான் வினை.

தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்த்த விதத்தைப் பார்த்திருந்தால் உயர் நீதிமன்றமே எழுந்து நின்றிருக்கும். 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற தலைப்பின் கீழே யார் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் மூன்று நாள் போயிற்று. அண்ணியின் பெரியப்பாவும் எங்கள் தாய்மாமாவும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். ஜாதகப்படி மாமா ஐப்பசி, பெரியப்பா மாசி. ஆனால் பள்ளிச் சான்றிதழில் இரண்டு பேருமே ஜூன் மாதம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தானே! வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். மாமாவுக்குக் கை நீளம். அதனால் சான்றிதழில் ஒரு வருடம் கூடிப்போனது. கடைசியில் சான்றிதழ், ஜாதகம் இரண்டும் மாமா பக்கமே சாய்ந்ததால் அவர் பெயர் மேலே போயிற்று. பெரியப்பா ஒரு வாரம் எங்கள் வீட்டுக் காபியைக் குடிக்கவில்லை.

இவ்வளவு அமளியில் ஆங்கிலப் பக்கத்தை யார் பார்ப்பார்கள்? சிவகாசி அச்சகத்திலிருந்து மாதிரி வந்தபோது தேதி, மண்டபத்தின் பெயர், மாப்பிள்ளையின் பட்டம் மூன்றையும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். மற்ற வாசகமெல்லாம் அவர்கள் வைத்திருந்த அச்சுப்படி. அதில் பெண்ணின் பெயருக்குக் கீழே 'எல்டஸ்ட் டாட்டர் ஆஃப்' என்று இருந்தது. பெரியவள் மூத்தவள், மூத்தவள் எல்டஸ்ட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அறுநூறு அழைப்பிதழ்கள் அச்சாகி வந்து இறங்கின.

முதல் அழைப்பிதழை மஞ்சள் தடவிக் குலதெய்வத்தின் காலடியில் வைத்தோம். தெய்வம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததை வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தாம்பாளத்தோடு கும்பகோணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆங்கிலப் பாடம் எடுத்தவர் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் அழைப்பிதழை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தமிழ்ப் பக்கத்தைப் புரட்டினார், ஆங்கிலப் பக்கத்துக்கு வந்தார், நின்றார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது, மீண்டும் இறங்கியது. வலது கை, அவருக்கே தெரியாமல், சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. பேனா இல்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு சொல்லின் அடியில் மெல்ல ஒரு கோடு இழுத்தார். என் வயிற்றுக்குள் ஆறாம் வகுப்பு திரும்பி வந்தது.

"சம்பந்திக்கு எத்தனை பெண்கள்?"

"இரண்டு பேர்" என்றார் அண்ணன்.

"இல்லையே, குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டுமே."

கூடத்தில் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. காபித் தட்டோடு வந்த மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஒரு முழுத் தொடர்கதையே ஓடியது: மூன்றாவது பெண் யார், எங்கே போனாள், யாரோடு போனாள். எங்கள் அம்மா அதற்குள் குலதெய்வத்தின் மேல் ஆணையிட ஆரம்பித்திருந்தார்.

தலைமையாசிரியர் கையமர்த்தினார். "பயப்படாதீர்கள். பெண்ணில் குறையில்லை, இலக்கணத்தில்தான் குறை." இரண்டு பேரை மட்டும் ஒப்பிட்டால் எல்டர், மூன்றும் அதற்கு மேலும் இருந்தால்தான் எல்டஸ்ட், இரண்டு பெண்களைப் பெற்றவர் எல்டஸ்ட் என்று அச்சடித்தால், படிக்கிறவர்கள் மூன்றாவது பெண்ணைத் தேடுவார்கள் என்று விளக்கினார். அவர் வீட்டில் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.

அண்ணன் நிலைமையைச் சமாளிக்க நினைத்தார். ஆங்கிலத்தில் விழுந்ததை ஆங்கிலத்திலேயே எழுப்பிவிடலாம் என்று எண்ணியிருக்க வேண்டும். "எஸ் சார், ஷி இஸ் எல்டர் தான் ஹெர் சிஸ்டர்" என்றார்.

தலைமையாசிரியர் கண்ணை மூடித் திறந்தார். "எல்டருக்குப் பின்னால் தான் வராது."

"மூத்தவள்தான் என்று சொன்னால் என்ன தப்பு? அவள்தான் மூத்தவள்!" என்றார் அம்மா.

"அம்மா, இது ஆங்கிலத் தான்."

"தானில் என்ன ஆங்கிலத் தான், தமிழ்த் தான்?"

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவருக்கு அரை மணி நேரமும் இரண்டு காபியும் ஆயின. ஒருவரைவிட வயதில் கூடியவர் என்று சொல்ல 'ஓல்டர் தான்' என்றுதான் வர வேண்டும். எல்டர், எல்டஸ்ட் இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் சொற்கள்; எல்டர் பிரதர் என்று சொல்லலாம். ஊரிலேயே வயதானவர் ஓல்டஸ்ட். கல்லணையும் ஓல்டஸ்ட் வகைதான். அணைக்கு உடன்பிறப்பு கிடையாது. சீனியர், ஜூனியர் இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை, அவற்றுக்கு 'தான்' ஆகாது, 'டு' போட வேண்டும். இதெல்லாம் ரென் – மார்ட்டின் இலக்கணத்தில் இருக்கிறது என்று சொல்லி, உள்ளே போய் அந்தப் புத்தகத்தையே எடுத்துவந்து காட்டினார். நிச்சயித்த முகூர்த்தத்தைப் பற்றிப் பேச அன்று நேரமே இல்லை.

மதுரை திரும்பும் வழியெல்லாம் அண்ணன் என்னோடு பேசவில்லை. எனக்கோ பொறுக்கவில்லை. நம் மொழியில் இந்தத் தொல்லையே கிடையாது. இரண்டு பேரில் பெரியவளும் மூத்தவள், பத்துப் பேரில் பெரியவளும் மூத்தவள். பெயரடை அசைந்து கொடுக்காது. ஒப்பிட வேண்டுமானால் 'விட' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். இரண்டே பெண்கள் உள்ள வீட்டில் ஒருத்தியை 'நடுவுள்ளவள்' என்று சொன்னால்தான் தமிழில் தவறு. ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டால், ஒருவரைப் பிரதர் என்று சொல்லிவிட்டு அவர் அண்ணனா தம்பியா என்று சொல்லாமலே காலம் தள்ளுவார்கள். அண்ணன் தம்பிக்குத் தனிச்சொல் வைக்கத் தோன்றாதவர்கள், இரண்டா மூன்றா என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறார்களாம்!

அன்று இரவு அகராதிகளைப் புரட்டினேன். கொஞ்சம் ஆயுதம் கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில் எல்டர், எல்டஸ்ட் ஆகியவைதான் முறையான வடிவங்கள். ஃபுட் என்பது ஃபீட் ஆனதுபோல உள்ளே உயிரொலி மாறியவை. ஓல்டர், ஓல்டஸ்ட் பிற்பாடு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டவை. அப்படியானால் எல்டஸ்ட்தான் ஓல்டஸ்டைவிட ஓல்டர்! (இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.) இன்னொன்றும் கிடைத்தது. முழு முயற்சியோடு இறங்கு என்பதற்கு ஆங்கிலேயர்கள் 'பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்டு' என்பார்கள். மனிதனுக்குக் கால் இரண்டுதானே? 'பெட்டர் ஃபுட்' என்றல்லவா இருக்க வேண்டும்? மூன்றாவது காலை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டு அழைப்பிதழ் கூரியரில் வந்தது. தலைமையாசிரியர் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோதே அச்சுக்குப் போய்விட்டதாம். மாப்பிள்ளைக்கு ஒரே ஓர் அண்ணன். தமிழ்ப் பக்கத்தில் 'கனிஷ்ட குமாரன்' என்று இருந்தது. ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினேன்: 'யங்கஸ்ட் சன்'.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இலக்கணம் வேண்டாம், வழி மட்டும் போதும். உடனே கும்பகோணத்துக்குப் போன் போடச் சொன்னார்.

"சம்பந்தி, உங்கள் வீட்டில் இன்னொரு பையன் இருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறதே? எங்கள் சின்னவளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜாதகம் அனுப்பட்டுமா?"

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு தலைமையாசிரியரின் குரல், கொஞ்சம் இறங்கி வந்தது. கனிஷ்ட என்பதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள், அச்சகத்தின் பிழை என்றார். நான் போனை வாங்கினேன். ஜேஷ்ட, கனிஷ்ட என்று வடமொழியில் முடிகிற அந்த 'இஷ்ட'வும், எல்டஸ்ட், யங்கஸ்ட் என்று ஆங்கிலத்தில் முடிகிற 'எஸ்ட்'டும் ஒரே மூலத்திலிருந்து வந்த பங்காளிகள், உங்கள் தமிழ்ப் பக்கத்திலும் மூன்றாவது பையன் ஒளிந்திருக்கிறான் என்று பணிவோடு சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "மகாலட்சுமிக்கு மூத்தவள் ஒருத்திதானே சார்? இரண்டே பேர். அவளுக்கே ஜேஷ்டா என்றுதானே பெயர் வைத்தார்கள், மூதேவிக்கு..."

அம்மா போனைப் பிடுங்கினார். கல்யாண வீட்டில் அவள் பெயரையா எடுப்பது என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

இரண்டு வீட்டு அழைப்பிதழ்களும் இருந்தபடியே விநியோகமாயின. முகூர்த்தம், சாப்பாடு, மொய் எல்லாம் நல்லபடியாக நடந்தன. இலக்கணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாயசம் இரண்டாவது தடவை வருமா என்று பலர் கேட்டார்கள்.

மாலை வரவேற்பில் தலைமையாசிரியர் என் தோளில் கைபோட்டுத் தம் பழைய சகா ஒருவரிடம் கூட்டிப்போனார். எங்களுக்குள் மரியாதை வளர்ந்திருந்தது. அம்மாவைக் கைகாட்டி, சொல்லை எடைபோட்டு, நிறுத்தி நிதானமாக, "ஹி இஸ் ஹெர் யங்கர் சன்" என்றார். சொல்லிவிட்டு, பார்த்தாயா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மஸ்கட்டில் இருக்கும் எங்கள் நடு அண்ணன் அன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவரைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

"நாங்கள் மூன்று பேர், சார்."